பட்டர் க்ரீமில் பட்டர் எங்கே?

அம்மையார்குப்பத்தில் இப்பல்லாம் பொறந்தநாள்னா கேக் இல்லாம முடியாது. தறிச் சத்தம் கேக்கற தெருவுலயும் கேக் பெட்டி வந்து இறங்குது. மேல ரோஸ் கலர்ல க்ரீம் பூ. வாண்டுகளுக்குள்ள சண்டையே அந்தப் பூவுக்குத்தான்.

சண்டையில எங்க அப்பாவும் உண்டு! அவருக்கு சர்க்கரை வியாதி. "கேக்குலதானேடா சர்க்கரை? மேல இருக்கறது வெண்ணெதானே, ஒண்ணும் பண்ணாது"ன்னு பூவை மட்டும் எடுத்துக்குவார்.

அந்தப் பூவைக் கொஞ்சம் பிரிச்சுப் பாப்போம்.

சாதாரண பட்டர் க்ரீம் கணக்கு: வெண்ணெய் ஒரு பங்குன்னா பொடிச்ச சர்க்கரை இரண்டு பங்கு. அதாவது 100 கிராம் க்ரீமில் சுமார் 67 கிராம் சர்க்கரை, மொத்தம் 500 கலோரி. புரதம் இல்லைன்னே சொல்லலாம், நார்ச்சத்து சுத்தமா பூஜ்யம். வெண்ணெய் தயவுல கொஞ்சம் வைட்டமின் ஏ, அவ்வளவுதான். ஒரு துண்டுல 40 கிராம் க்ரீம் இருந்தா சர்க்கரை மட்டும் 27 கிராம், அஞ்சு டீஸ்பூனுக்கு மேல. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது, சர்க்கரை வியாதி இல்லாதவங்களுக்கும் சேர்த்துத்தான்.

சரி, வெண்ணெயாவது இருக்கா? வெண்ணெய் 35 டிகிரிக்குள்ள உருகிடும். திருத்தணி பக்கம் மே மாச வெயில் 40-ஐத் தாண்டும், பூ எப்படி நிக்கும்? அதனால பல பேக்கரிகள்ல வனஸ்பதியோ மார்ஜரினோதான். விலையும் கம்மி. எண்ணெயில் ஹைட்ரஜனை ஏத்தி கெட்டியாக்கினதுதான் வனஸ்பதி. 1937-ல் டால்டா வந்ததுலேர்ந்து நமக்குப் பழக்கம். அதுல உருவாகிற டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏத்தும், நல்லதை இறக்கும். சர்க்கரை வியாதிக்காரங்களுக்கு ஏற்கெனவே இதய நோய் அபாயம் அதிகம், அதுக்கு மேல இது வேற.

நல்ல சேதி, 2022 ஜனவரியிலிருந்து டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாதுன்னு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதி. ஆனா சர்க்கரையை அந்த விதி தொடாதே!

அதனால அடுத்த பொறந்தநாளுக்கு க்ரீம் இல்லாத சாதா கேக், அதுலயும் அப்பாவுக்கு ஒரு சின்னத் துண்டுதான்னு அக்காகிட்ட பேசிட்டேன். பூவுக்கு சண்டை போடற கட்சி சம்மதிக்கணும். அதுல யாரை சமாளிக்கிறது கஷ்டம்னு நான் சொல்லணுமா என்ன :)