டீ டைமைப் பிரித்தவன்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் நான் செய்த ஒரு காரியம் யாருக்கும் தப்பாகப் படவில்லை. முதலாளி பாராட்டவும் செய்தார். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விட்ட டீ டைமை லைன் வாரியாகப் பிரித்தேன். கேட்டுக்கு வெளியே பேக்கரிக்குப் போகக் கூடாது, கேனில் டீ உள்ளேயே வரும், மிஷின் பக்கத்திலேயே குடித்துக்கொள்ள வேண்டும் என்றேன்.

காரணம் கேட்டவர்களிடம் கணக்கைக் காட்டினேன். பத்து நிமிஷ டீ இருபது நிமிஷமாக இழுக்கிறது. ஷிப்மென்ட் தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு கம்பெனி தலையில் விழும். பொய்யில்லை. ஆனால் நாலு பேர் சேர்ந்து நின்றால் பீஸ் ரேட் பேசுவார்கள் என்ற பயமும் இருந்தது. அதை வெளியே சொல்லவில்லை. 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. சட்டத்தையும் நான் மீறவில்லை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காதே, நடுவில் அரை மணி ஓய்வு கொடு என்றது அப்போது நடைமுறையில் இருந்த 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டம். ஓய்வில் ஒரு நிமிஷம்கூட நான் குறைக்கவில்லை. கூட நிற்கிற ஆளைத்தான் எடுத்துவிட்டேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து, டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்தவன் நான். காலை எட்டரைக்கு ஏறினால் இரவு எட்டு வரை ஒன்றரை ஷிப்ட். தங்கச்சி கல்யாணக் கடன் கழுத்தை நெரித்த சமயம், ஒரு நாள் பேக்கரி வாசலில் வடையைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் நின்றிருந்தேன். பவர் டேபிள் டெய்லர் ஒருவர், போடிக்காரர், "என்ன மாப்ள, வீட்ல எதுவும் பிரச்சினையா?" என்றார். சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கூடச் சீட்டுப் போட்டிருந்த மற்றவர்கள் பக்கம் திரும்பி, "இந்த வாரச் சீட்டு இவனுக்குப் போகட்டும்" என்றார். தள்ளு இல்லாமல் முழுப் பணத்தையும் எனக்கே விட்டார்கள். அன்று இரவு தூங்கினேன்.

ஆம்பளைகள் எதிரெதிரே உட்கார்ந்து மனசைத் திறக்கிறவர்கள் இல்லை. பக்கத்தில் நின்று, ரோட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வோம். சினிமா, கிரிக்கெட், சூப்பர்வைசர் மேல் இருக்கிற கோபம் என்று தினமும் பேசினால்தான் என்றாவது ஒரு நாள் மனசை அழுத்துகிற விஷயம் வாய்க்கு வரும்.

பிரித்த பிறகு அவுட்புட் கொஞ்சம் ஏறியது. சீட்டு அந்த வருஷத்தோடு நின்றது; எல்லாரையும் ஒரே இடத்தில் பிடிக்க முடியவில்லை. பையன்கள் மிஷினடியில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்தார்கள். சனிக்கிழமை சம்பளத்தோடு நேரே டாஸ்மாக்குக்குப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள் என்று செக்கிங் அக்கா ஒருவர் என்னிடமே சொன்னார். கேட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

அப்புறம் ஓவர்லாக் டெய்லர் ஒருவர் வருவதை நிறுத்தினார். பக்கத்து மிஷின்காரரிடம் விசாரித்தேன். "தெரியலைங்க சார்" என்றார். தோளோடு தோள் உட்கார்ந்து தைத்தவர்கள். பழைய நாளாக இருந்தால் மறுநாளே யாராவது அவர் ரூமுக்குப் போய்க் கதவைத் தட்டியிருப்பார்கள். கந்துவட்டி, தூக்கமில்லை, கை நடுங்கித் தைக்க முடியாமல் ஊருக்குப் போய்விட்டார் என்று வெகு நாள் கழித்துத் தெரிந்தது. உயிரோடு இருக்கிறார். 2022-ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள், நாலில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அந்தக் கணக்கில் அவரும் சேர்ந்திருந்தால் என் பங்கு என்ன என்று யோசித்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

முதலாளியிடம் பேசி, சாயங்கால டீயை மட்டும் மறுபடியும் ஒரே நேரமாக்கி, கேட்டைத் திறந்துவிட வைத்தேன். நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடுகிறது. அதனால் அந்த நேரத்தில் ஆபீஸை விட்டு வெளியே வருவதில்லை. சீட்டை மறுபடி ஆரம்பிக்கலாமே என்று பழைய டெய்லர் ஒருவரிடம் கேட்டேன். "ஆளு பழக்கமில்லாம எப்படிங்க சார் சீட்டுப் புடிக்கிறது?" என்றார். லைனில் இருக்கும் புதுப் பையன்களில் பாதிப் பேருடைய பெயர்கூட அவருக்குத் தெரியவில்லை.