திண்ணையில ஒரு அன்னாசி சொந்தக்காரி

குஸ்மேனியா செடி வளர்க்கிறேன்னு சொன்னா கிளாஸ்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. அன்னாசிக்குச் சொந்தக்காரிங்க அது, புரோமிலியாட் குடும்பம். நம்ம மலைப்பாறை சூடுதான் தெரியுமே, அதனால திண்ணை நிழல்ல வெச்சிருக்கேன்.

இலைங்க நடுவுல கிண்ணம் மாதிரி குழி இருக்கும். தண்ணியை அதுலதான் ஊத்தணும். வம்பே அங்கதான். போன வருஷம் தங்கச்சி டெங்குல ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்தா. அதுலேர்ந்து வீட்டுல எங்க தண்ணி தேங்கினாலும் அம்மாவுக்கு ஆகாது. "செடி வேணுமா, தங்கச்சி வேணுமா?"ன்னு கேட்டுட்டாங்க. (பி.காம் படிக்கிறவன்கிட்ட கேக்கற கணக்கா இது?)

கடைசியில ஒரு ஒப்பந்தம். புழு கொசுவாக ஒரு வாரமாவது ஆகும். நான் மூணு நாளைக்கு ஒருக்கா தொட்டியைச் சாய்ச்சு, பழைய தண்ணியைக் கொட்டிட்டுப் புதுசு ஊத்தணும்.

ஆனா பூக்கவே இல்ல. தண்ணியை வடிச்சுட்டு, பழுத்த ஆப்பிளோட பிளாஸ்டிக் பையில பத்து நாள் கட்டி வெச்சேன். பழம் விடுற எத்திலீன் வாயு பூக்க வைக்குமாம். ரெண்டரை மாசம் கழிச்சு நடுவுல செக்கச்செவேல்னு வந்துச்சு!

ஒருக்கா பூத்தா தாய்ச்செடி மெல்லச் செத்துடும், பக்கத்துல குட்டி விடும். அம்மாகிட்ட சொன்னேன், ஒண்ணும் பேசல. நேத்து பரீட்சை முடிஞ்சு வந்து பாக்கறேன், தொட்டியைச் சாய்ச்சு, புதுத் தண்ணி ஊத்தி வெச்சிருக்காங்க. குட்டி ரெண்டு வந்திருக்கு.