பாம்புப் பெட்டிக்குள் ஒரு செடி



பாடநூல், தேர்வு, வாசிப்பு என்றே எழுதிவரும் நான் இன்று பாம்பைப் பற்றி எழுதப் புகுந்திருக்கிறேன். முகஞ்சுளிக்க வேண்டா. நானும் ஈராண்டுகளுக்கு முன்பு பாம்பு என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதும்போதுகூடச் சற்றே தயங்கியவள்தான்.

என் மகன் நான்காம் படிவம் பயில்கிறான். அதிகம் பேசாதவன். உறவினர் வந்தால் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்வான். அவன் பல ஆண்டுகள் விடாமல் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: 'பால் பைத்தான்' எனப்படும் சிறிய மலைப்பாம்பு. இறுதியில் என் கணவர் இசைந்தார். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையில் தம் பெயரில் உரிமம் பெற்ற பின்னரே அதனை வாங்கி வந்தார். (சிங்கப்பூர் அன்பர்கள் கவனிக்கவும்: அங்கு வீட்டில் பாம்பு வளர்க்கச் சட்டம் இடந்தராது.)

அச்சம் வந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்வதால்தான் அதற்கு அப்பெயர். நஞ்சற்றது. மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் புல்வெளிகளைத் தாயகமாகக் கொண்டது. பகலில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் மறைந்திருந்து இரவில் வெளிவரும். நன்கு பேணினால் இருபது, முப்பது ஆண்டுகள்கூட வாழும். மகன் அதற்குச் 'சுருளி' என்று பெயரிட்டான். சுருளியைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவன் அரை மணி நேரம் பேசுவான். அதற்காகவே நான் நாள்தோறும் ஏதேனும் ஒன்று கேட்பேன்.

கண்ணாடிப் பெட்டியில் தரைக்குத் தாளும், மறைந்துகொள்ள ஒரு மரப்பட்டைக் குடிலும், ஒரு நீர்த்தொட்டியும்தாம் இருந்தன. என் கண்ணுக்கு அது வெறுமையாகப் பட்டது. ஆசிரியர் குணம் எங்கே போகும்? வகுப்பறை அழகுபடுத்தும் போட்டிக்காக வாசிப்பு மூலையில் நெகிழிக் கொடிகளைத் தொங்கவிட்ட கைகள் அல்லவா இவை! மீதமிருந்த கொடிகளையும் கடையில் வாங்கிய ஓர் இலைக்கொத்தையும் மகன் பள்ளியில் இருந்தபோது பெட்டிக்குள் வைத்தேன். பெட்டி பச்சைப் பசேலென்று ஆயிற்று. மகன் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. என் மனம் நோகக் கூடாது என்று எண்ணியிருக்கிறான் என்பது பின்னர்தான் விளங்கிற்று.

இரு வாரங்கள் கழித்துச் சுருளி தோலுரித்தது. தோலுரிக்கும் பாம்பு சொரசொரப்பான பொருள்களில் உடலைத் தேய்த்துப் பழைய தோலைக் கழற்றும். அப்படித் தேய்த்தபோது, இலைக்கொத்தின் காம்புக்குள் இருந்த கம்பியின் முனை அதன் விலாவைக் கிழித்துவிட்டது. காம்பின் நுனி நெகிழியால் மூடப்பட்டிருக்கும் என்றே நான் நினைத்திருந்தேன். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

விலங்கு மருத்துவர் காயத்தைத் துப்புரவாக்கி மருந்து கொடுத்தார். காயம் ஆறும்வரை சுத்தமான தாள் விரிப்பு மட்டும் போதும் என்றார். வீடு திரும்பும் வழியில் மகன் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அம்மா, அந்தச் செடியைச் சுருளிக்காக வைத்தீர்களா, பார்ப்பவர்களுக்காக வைத்தீர்களா?" என்று மட்டும் கேட்டான். இருபது ஆண்டுகளாக மாணவர்களைக் கேள்வி கேட்டுவரும் எனக்கு அன்று விடை சொல்லத் தெரியவில்லை.

நான் அத்துடன் நின்றிருக்கலாம். ஆனால், காயம் எப்போதும் கண்ணில் பட வேண்டும் என்று குடிலையும் எடுத்துவிடச் சொன்னேன். மகன் அரைமனத்துடன் எடுத்தான். சுருளி ஒரு மூலையில் இறுகச் சுருண்டு கிடந்தது. உணவைத் தொடவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். இவ்வகைப் பாம்பு பல காரணங்களால் உண்ண மறுக்கும் என்பதை அறிவேன். ஆயினும் மறைவிடம் இல்லாத அச்சம் அவற்றுள் முதன்மையான ஒன்று. மகன் பொறுக்க மாட்டாமல் குடிலைத் திரும்ப வைத்தான். அடுத்த வாரம் சுருளி உண்டது. அன்றிரவு அவனும் வயிறார உண்டான்.

காயம் ஆறிய பிறகு, தாயும் மகனும் ஒன்றாக அமர்ந்து படித்தோம். செயற்கைச் செடியா, உயிர்ச் செடியா என்று ஆராய்ந்தோம். நாங்கள் கற்றவற்றை, இல்லத்தில் இத்தகைய பிள்ளைகள் உள்ள பெற்றோர்களுக்காகச் சுருக்கித் தருகிறேன்.

செயற்கைச் செடியை எடுத்துக் கழுவலாம். வெளிச்சமும் நீரும் வேண்டா. பாம்பு மேலே ஏறிப் படுத்தாலும் சாகாது. ஆனால், கம்பி உள்ளதையும் முனை கூரானதையும் சாயம் உரிவதையும் தவிர்க்க வேண்டும். ஒவ்வோர் இலையையும் உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்த பின்னரே உள்ளே வைக்க வேண்டும். எளிதில் கழன்று வரும் இலை, இரையுடன் சேர்ந்து பாம்பின் வயிற்றுக்குள் போகக்கூடும்.

உயிர்ச் செடி ஈரப்பதத்தைக் காக்கும். உரிய மண்ணும், கழிவையும் பூஞ்சணத்தையும் தின்னும் நுண்ணிய மண்வாழ் உயிரிகளும் சேர்ந்தால் பெட்டி ஒரு சிறு காடாகவே இயங்கும். ஆயினும் செடிக்கென விளக்கு வேண்டும். பாம்பின் எடையால் மெல்லிய தண்டுகள் ஒடியும். நாற்றங்காலில் வாங்கிய செடியில் பூச்சிமருந்தும், அதன் மண்ணில் உரமணிகளும் இருக்கலாம். எனவே இலைகளை நன்கு கழுவி, பழைய மண்ணை உதறி, புது மண்ணில் நட்டுச் சில வாரங்கள் வெளியே வைத்திருந்த பின்னரே உள்ளே வைக்க வேண்டும். பாம்பு இலையைத் தின்பதில்லை. ஆகவே செடியின் நஞ்சைவிட மருந்தின் நஞ்சுதான் பெரிதும் அஞ்சத்தக்கது.

இன்னொன்று நம் நாட்டுக்கே உரியது. குளிர்நாட்டு நூல்கள் ஈரப்பதத்தைக் கூட்டுவதற்குச் செடி வையுங்கள் என்கின்றன. சுருளிக்கு ஏறத்தாழ 60 விழுக்காடு ஈரப்பதம் போதும். தோலுரிக்கும்போது சற்றுக் கூடுதலாகத் தேவை. நம் நாட்டுக் காற்றிலோ இயல்பாகவே அதற்கு மேல் ஈரம் உண்டு. செடிக்காக நாள்தோறும் நீர் ஊற்றினால் தரை நனைந்தே கிடக்கும். பாம்பின் வயிற்றுச் செதில்கள் புண்ணாகும். மூச்சுக் கோளாறும் வரும். இரவு முழுதும் குளிர்சாதனம் ஓடும் அறையில் நிலைமை வேறு. அங்கே காற்று வறண்டுவிடும். ஆகவே நூலை மட்டும் நம்பாமல் ஈரமானியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

நாங்கள் இரண்டையும் கலந்தோம். மலாய்க்காரர்கள் 'லிடா ஜின்' என்றழைக்கும் செடியை மண்சட்டியோடு ஒரு மூலையில் வைத்தோம். விறைத்த, தடித்த இலை; நீர் குறைவாகக் கேட்கும்; ஓரளவு நிழலையும் தாங்கும். அதன் தாயகமும் மேற்கு ஆப்பிரிக்கா என்று படித்தபோது மகன் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை மறக்க மாட்டேன். "சுருளிக்கு ஊர்க்காரத் துணை வந்துவிட்டது" என்றான். குடிலின் வாயிலில் கம்பியில்லாத மெல்லிய துணி இலைகளைத் தொங்கவிட்டோம். பெட்டியைத் தொட்டால் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவது வீட்டில் அனைவருக்கும் கட்டாயம். ஊர்வனவற்றின் வழி 'சால்மோனெல்லா' கிருமி பரவக்கூடும்.

இப்போது எங்கள் பெட்டியைப் பார்க்க வருபவர்கள், "பாம்பு எங்கே?" என்று கேட்கிறார்கள். பகலில் பெரும்பாலும் தெரிவதில்லை. முன்பானால் எனக்கு அது குறையாகப் பட்டிருக்கும். தெரியாமல் இருக்க இடம் உண்டு என்பதால்தான் அது இரவில் அச்சமின்றி வெளியே வருகிறது என்பதை இப்போது அறிவேன்.

கடந்த தீபாவளிக்கு உறவினர்கள் வந்தபோது மகன் வழக்கம்போல் அறைக்குள் சென்றான். நான் அவனை அழைத்து நிறுத்தவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தானாகவே வெளியே வந்து, பாட்டியின் அருகில் அமர்ந்து முறுக்குத் தின்றான்.

வகுப்பிலும் ஒரு மாற்றம் செய்தேன். வாசிப்பு மூலையின் நெகிழிக் கொடிகளைக் கழற்றிவிட்டு, புத்தக அலமாரியைச் சற்றே திருப்பி, அதன் பின்னால் ஒரு பாயை விரித்தேன். போட்டியில் இம்முறை எங்கள் வகுப்புக்குப் பரிசில்லை. ஆனால், முன்வரிசையில் அமர்த்தியபோதெல்லாம் வாய்திறக்காத ஒரு மாணவி, அந்தப் பாயில் அமர்ந்து இரண்டு கதைப்புத்தகங்களைப் படித்து முடித்துவிட்டாள். மூன்றாவதைக் கேட்டு அவளே என் மேசைக்கு வந்தாள்.