ஆத்தே கேட்ட கணக்கு

பி.காம். படித்தவனுக்கு ஒரு சாபம் உண்டு. டாக்டரைக் கண்டால் நாக்கை நீட்டுகிற மாதிரி, நம்மைக் கண்டால் பாஸ்புக்கை நீட்டுவார்கள். சித்தப்பாவுக்கு வருமான வரி, எதிர்வீட்டு மாமிக்கு ஏலச்சீட்டு, டீக்கடைக்காரருக்கு முத்ரா லோன்... தெரியாது என்று சொல்லிவிட்டால் பிரச்னையே இல்லை. சொல்ல மாட்டோமே! மூணு வருஷம் படித்த மானம் என்னாவது?

அந்த மானத்தைக் காப்பாற்றப் போய் ஒரு வயசான அம்மாவுக்கு நான் செய்த உபகாரத்தைச் சொல்கிறேன்.

2016-ல் துபாய் போனேன். தேராவில் சின்ன டிரேடிங் கம்பெனி, அக்கவுன்ட்ஸ் வேலை. மொத்தம் பதினோரு பேர். அதில் பிலிப்பினோக்கள் மூணு பேர். மூத்தவர், டாக்குமென்ட்ஸ் பார்க்கிற அம்மா, 54 வயசு. முதல் நாளே மற்ற இரண்டு பேரும் அவரை "ஆத்தே" என்று கூப்பிட, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதுரைப் பக்கம் பாம்பைப் பார்த்தால்தான் அந்தச் சத்தம் வரும். விசாரித்தால், அவர்கள் பாஷையில் ஆத்தே என்றால் அக்கா! நானும் ஆத்தே என்றே கூப்பிட ஆரம்பித்தேன். அவர் என்னை "அனாக்" என்பார். பிள்ளாய் என்று அர்த்தம்.

இன்னொரு வேடிக்கை, அவர்கள் மரியாதைக்குச் சேர்க்கிற சொல் "போ". நாம் "ங்க" போடுவது போல. முதலாளி கூப்பிட்டால் "ஓபோ", அதாவது ஆமாங்க. மேனேஜரைப் பார்த்து இந்தம்மா தினம் "போ, போ" என்பது என் காதுக்குப் பரம சுகமாக இருக்கும்.

ஆத்தேயின் மேஜை டிராயரில் ஒரு நீல அட்டை நோட்டு. மாதம் ஒரு டிக். பால் கணக்கு என்று நினைத்தேன். ஒருநாள் அவரே காட்டினார். எஸ்.எஸ்.எஸ். கணக்கு.

மக்சேசே விருது தெரியும்தானே? எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 1974-ல் கொடுத்தார்களே. அந்த ரமோன் மக்சேசே ஜனாதிபதியாக இருந்தபோது, 1954-ல் போட்ட சட்டத்தில் பிறந்தது இந்த சோஷியல் செக்யூரிட்டி சிஸ்டம். 1957-லிருந்து நடைமுறை. உள்ளூரில் தனியார் வேலை என்றால் முதலாளி ஒரு பங்கு, தொழிலாளி ஒரு பங்கு. நம்ம பி.எஃப். மாதிரிதான். ஆனால் வெளிநாட்டில் தரைமேல் வேலை பார்க்கிறவர்களுக்கு முதலாளி பங்கு யார் கட்டுவது? அவர்களேதான்! 2019 வரை அது கட்டாயமும் இல்லை. இஷ்டப்பட்டால் கட்டலாம். ஆத்தே கட்டியது குறைந்தபட்சத் தொகை. 5,000 பேசோ சம்பளம் என்று காட்டி, அதில் 11 சதவீதம், மாதம் 550 பேசோ. நாற்பது திர்ஹாம் சொச்சம்.

இதில் சூட்சுமமான எண் 120. அறுபது வயசில் உங்கள் பெயரில் 120 மாதச் சந்தா இருந்தால் ஆயுசு முழுக்க பென்ஷன். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, விட்டுவிட்டும் சேர்க்கலாம். குறைந்தால், கட்டின பணத்தை வட்டியோடு கையில் கொடுத்து டாட்டா. அல்லது 120 ஆகும்வரை அறுபதுக்கு அப்புறமும் கட்ட வேண்டும்.

ஆத்தேயின் நோட்டில் முதல் பக்கம் 28 டிக். கவிட்டே மாகாணத்தில் ஒரு தையல் ஃபேக்டரியில் இருந்த காலம். அடுத்த இரண்டு பக்கம் காலி.

"இது என்ன ஆத்தே?"

"ஹாங்காங். பதினோரு வருஷம். வீட்டு வேலை."

அந்தப் பதினோரு வருஷத்தில் இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம், தம்பிக்குப் படிப்பு, அப்பாவுக்கு டயாலிசிஸ். தனக்கென்று ஒரு டிக் இல்லை. ஹாங்காங்கில் 2000-ம் வருஷம் எல்லோருக்கும் வந்த கட்டாய ஓய்வு நிதியிலும் வீட்டு வேலைக்காரர்களுக்கு இடமில்லை. துபாயிலும் வெளிநாட்டுக்காரனுக்குப் பென்ஷன் கிடையாது. போகும்போது கிராஜுவிட்டி. முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அவ்வளவுதான். ஆக, ஆத்தேயின் முதுமைக்கு இருந்த ஒரே ஆதாரம் அந்த நீல நோட்டு. 2014 ஜனவரியிலிருந்து மறுபடி டிக் போட ஆரம்பித்து, 2017 டிசம்பரோடு 48. பழைய 28-ஐச் சேர்த்தால் 76.

இங்கேதான் பி.காம். உள்ளே நுழைகிறது.

2018 ஆரம்பத்தில் ஊரில் அவர் தம்பிக்கு ஒரு பழைய ஃப்ரிட்ஜ் தேவைப்பட்டது. தம்பி "சரி சரி ஸ்டோர்" வைத்திருந்தார். (சத்தியமாக அதுதான் பெயர். அவர்கள் பாஷையில் பலசரக்கு என்று அர்த்தம். நம்ம அண்ணாச்சி கடனுக்குத் தலையாட்டுவது போல் இருக்கிறதல்லவா!) ஃப்ரிட்ஜ் இருந்தால் ஐஸ், கூல் டிரிங்க்ஸ் விற்கலாம். கையில் பணம் போதவில்லை.

"அனாக், நீ அக்கவுன்டன்ட். ஒரு வருஷம் எஸ்.எஸ்.எஸ். கட்டாமல் விட்டால் தப்பா?"

கால்குலேட்டரை எடுத்தேன். 550 பெருக்கல் 12, 6,600 பேசோ. பேப்பரில் கோடு போட்டு டெபிட், கிரெடிட் எழுதினேன். கடை வருமானம், வட்டி விகிதம் என்று அரைமணி நேரம் முழங்கினேன். முத்தாய்ப்பாக ஒரு வசனம் வேறு:

"கவலையே படாதீங்க ஆத்தே. எங்க ஊர்ல எல்.ஐ.சி. பாலிசி லாப்ஸ் ஆனா, அபராதத்தோட கட்டிப் புதுப்பிச்சுக்கலாம். ஆர்.டி.யும் அப்படித்தான். உங்க ஊர்லயும் அப்படித்தான் இருக்கும். அடுத்த வருஷம் சேர்த்துக் கட்டிடலாம்."

'இருக்கும்'! படித்தவன் வாயில் வருகிற ரொம்ப ஆபத்தான வார்த்தை இதுதான் சார். ஒரு ஃபோன் போட்டு விசாரித்திருக்கலாம். துபாய் பிலிப்பைன்ஸ் கான்சலேட்டிலேயே எஸ்.எஸ்.எஸ். கவுன்டர் இருந்தது. எனக்கு எதற்குக் கவுன்டர்?

ஃப்ரிட்ஜ் வந்தது. 2018 பக்கம் காலியாகப் போனது.

2019 பிப்ரவரியில் மணிலாவில் புதுச் சட்டம் கையெழுத்தானது. வெளிநாட்டில் வேலை பார்க்கிற, அறுபது தாண்டாத பிலிப்பினோ எல்லோரும் கட்டாய உறுப்பினர். கப்பலில் போகிறவர்களுக்குப் பரவாயில்லை. ஆள் எடுத்து அனுப்பும் ஏஜென்சியை முதலாளியாக வைத்து, அவன் பங்கை அவனிடமே வாங்க வழி செய்தார்கள். தரையில் வேலை பார்க்கிறவர்களுக்கு, அந்த நாட்டோடு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பழையபடி இரண்டு பங்கும் தன் தலையில்தான். ஹாங்காங்கில் வேலை செய்யும் பெண்கள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். எங்கள் ஆபீஸிலேயே இரண்டு கட்சி. ரிசப்ஷன் பெண், "இன்னொரு பிடித்தமா!" என்று கொதித்தாள். ஆத்தே மட்டும், "ஹாங்காங்கில் இருந்தபோது என்னைக் கட்டாயப்படுத்தியிருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும்" என்றார். அந்தப் பெண் சொன்னதிலும் நியாயம் உண்டு. இருக்கிற சம்பளத்தில் முதலாளி பங்கையும் தானே கட்டு என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால் அவளுக்கு 26 வயசு. ஆத்தேக்கு 57.

ஏப்ரலில் அரைநாள் லீவு போட்டுக் கான்சலேட்டுக்குப் போனோம். 2018 பாக்கியை அபராதத்தோடு கட்டி 'ரிவைவல்' பண்ண! துணைக்கு நானும் போனேன். நிபுணராயிற்றே.

கவுன்டரில் இருந்தவர் ரொம்பப் பொறுமையாகச் சொன்னார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சலுகை உண்டு. ஜனவரி முதல் செப்டம்பர் வரையான மாதங்களை அந்த வருஷம் டிசம்பர் 31-க்குள் கட்டலாம். அக்டோபர், நவம்பர், டிசம்பரை அடுத்த ஜனவரி 31-க்குள் கட்டலாம். அதைத் தாண்டினால்? போன மாதம் போனதுதான். அபராதம் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். இனிமேல் கட்டுவது இனி வரும் மாதத்துக்குத்தான். அதுவும் அந்த மாதத்திலிருந்து 12 சதவீதம், வெளிநாட்டுக்காரர்களுக்குக் குறைந்தபட்சம் 8,000 பேசோ மேல் கணக்கு, மாதம் 960.

ஆத்தே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டி "ஓபோ... ஓபோ..." என்றார். அன்றைக்கு எனக்கு அது தமிழாகவே கேட்டது. போ. போ.

திரும்பும்போது மெட்ரோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டேஷன் வாசலில் இறங்கி எனக்கு ஒரு கரக் சாயா வாங்கிக் கொடுத்தார். ஏலக்காய் போட்ட டீ. திட்டியிருந்தால் தேவலை.

அன்றைக்கே அந்த வருஷத்துக்கு விட்டுப்போன மூணு மாதத்தையும் கட்டினார். அப்புறம் ஒரு மாதம் தவறவில்லை. 2020-ல் கொரோனா வந்து கம்பெனி பாதியானது. அந்தப் பாதியில் நானும் இல்லை, அவரும் இல்லை. நான் வந்தே பாரத் விமானத்தில் சென்னை. அவர் அடுத்த மாதம் ஊருக்கு. வேலை இல்லாவிட்டாலும் தானாகக் கட்டும் உறுப்பினராகத் தொடர்ந்தார். தம்பி கடையில் கல்லாவில் உட்கார்ந்து, 2021-லிருந்து மாதம் 1,040 பேசோ.

2022 பிப்ரவரியில் அறுபது முடிந்தது. நோட்டில் டிக் 114.

ஆறு மாதம் குறை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் 2021 ஆகஸ்டிலேயே 120 முடிந்து, பிறந்தநாள் கையோடு விண்ணப்பம் போட்டிருப்பார். முடித்தது 2022 ஆகஸ்டில். அவர்கள் அரையாண்டுக் கணக்கின்படி பென்ஷன் ஆரம்பித்தது 2023 ஜனவரியில். சுமார் 3,800 பேசோ. நம் பணத்தில் ஐயாயிரத்து ஐநூறு ரூபாய் சொச்சம். டிசம்பரில் பதின்மூன்றாவது மாத பென்ஷனும் உண்டு, தீபாவளி போனஸ் மாதிரி.

ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல், பழையபடி பேப்பரில் கோடு போட்டுப் பார்த்தேன். மிச்சம் பிடித்தது 6,600. அந்தப் பன்னிரண்டு மாதங்களைக் கடைசியில் ஈடு கட்டியது மாதம் 1,040 வீதம் 12,480. தவறிப்போன பென்ஷன் பத்து மாதம், ஏறக்குறைய 38,000. இதைப் பரீட்சையில் எழுதியிருந்தால் என் புரொபசர் பேப்பரை முகத்தில் எறிந்திருப்பார்.

அப்படியே என் பி.எஃப். பாஸ்புக்கையும் திறந்தேன். நம் ஊர் பென்ஷன் திட்டத்திலும் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். துபாய் போகும் முன்னால் சென்னையில் பார்த்த வேலையில் 31 மாதம். இப்போது செய்கிற எழுத்து வேலைக்கு பி.எஃப். யார் பிடிப்பார்கள்? எனக்கு நீல நோட்டு கூடக் கிடையாது. மெதுவாக மூடி வைத்துவிட்டேன்.

போன மாதம் ஆத்தேயிடமிருந்து வாட்ஸ்அப். ஒரு போட்டோ. சரி சரி ஸ்டோர் வாசலில் அதே ஃப்ரிட்ஜ், மேலே துரு. கீழே, "உன் ஃப்ரிட்ஜ் இன்னும் ஓடுகிறது அனாக்." அடுத்த வரி: தம்பி மகள் தைவானில் ஃபேக்டரி வேலைக்குப் போகிறாள். 2025-லிருந்து சந்தா 15 சதவீதம், குறைந்தது 1,200 பேசோ. கூடுதலாகக் கட்டினால், 20,000 பேசோ சம்பளத்துக்கு மேல் காட்டுகிற உபரி தனிச் சேமிப்புக் கணக்குக்குப் போகுமாம். எவ்வளவு கட்டலாம்? "உன்னைக் கேட்கச் சொன்னேன், நீ அக்கவுன்டன்ட் ஆயிற்றே."

கேலியா, நிஜமா? அந்த ஊர் முகங்களை நேரில் பார்த்தாலே கண்டுபிடிக்க முடியாது. வாட்ஸ்அப்பில் எங்கே?

பத்து நிமிஷம் யோசித்து டைப் அடித்தேன்: "ஆத்தே, எவ்வளவு என்று எஸ்.எஸ்.எஸ். கவுன்டரில் கேட்கச் சொல்லுங்கள். அதுவரை ஒரு மாதம்கூட விடாமல் கட்டச் சொல்லுங்கள்."

உடனே பதில் வந்தது. "சலமாத் போ." நன்றிங்க என்று அர்த்தம்.

பிள்ளை மாதிரி நினைக்கிறவனுக்கு யாரும் 'போ' போட மாட்டார்கள். இத்தனை வருஷத்தில் எனக்குப் போட்டது இதுதான் முதல் தடவை. அவர் பாஷையில் சொன்னாரா, என் பாஷையில் சொன்னாரா என்று இன்னும் தெரியவில்லை.