எந்த ஊசி? எவர் கை?

முகத்தோலுக்குப் புத்துயிரூட்டும் ஊசிகள் இன்று பல பெயர்களில் விற்பனையாகின்றன. "அத்தான், பிளாஸ்மா, ஸ்கல்ப்ட்ரா, எக்ஸோசோம் மூன்றில் எதைப் போடலாம்?" எனப் புலம்பெயர்ந்து வாழும் என் மைத்துனி அண்மையில் கேட்டாள். விளம்பரம் சொல்லாததைத் தேடுவது பத்திரிகையாளனின் பழக்கம்.

எக்ஸோசோம் என்பது உயிர்க்கலங்கள் வெளிவிடும் நுண்பைகள். அத்தகைய தயாரிப்பு எதனையும் அமெரிக்க உணவு, ஒளடத நிர்வாகம் அங்கீகரித்ததில்லை. 2019 இல் பொதுமக்களை எச்சரித்தும் இருந்தது. முதலில் கழிக்கவேண்டியது அதுவே.

ஸ்கல்ப்ட்ரா, தோலில் கொலாஜன் உருவாவதைத் தூண்டும் மருந்து. எச்.ஐ.வி. தொற்றாளரின் ஒட்டிய கன்னங்களுக்காக 2004 இல் அங்கீகாரம் பெற்ற இதற்கு, அழகுச் சிகிச்சைக்கான அனுமதி 2009 இலேயே கிடைத்தது. பலன் தெரியச் சில மாதங்கள் செல்லும். தோலடியில் சிறு கட்டிகள் தோன்றக்கூடும். ஹயலூரொனிக் அமிலத்தைப் போல இதனைக் கரைத்தகற்ற மருந்தில்லை.

"அப்படியென்றால் என்னுடைய இரத்தத்திலிருந்து எடுக்கும் பிளாஸ்மாதானே பாதுகாப்பு?" என்றாள். நியூ மெக்சிக்கோவில் உரிமமற்ற அழகு நிலையமொன்று 2018 இல் மூடப்பட்டது. அங்கே நுண்ணூசிகளால் பிளாஸ்மா ஏற்றிக்கொண்ட மூன்று பெண்களுக்கு அச்சிகிச்சை மூலமே எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2024 இல் அறிவித்தது. பெயரிடப்படாத இரத்தக் குழாய்கள் சமையலறை மேடையில் கிடந்தனவாம்.

ஆதலால், எந்த ஊசி என்பதற்கு முன் எவர் கை என்பதைத் தீர்மானியுங்கள். பதிவுபெற்ற வைத்தியரிடமே செல்லுங்கள். உறை பிரிக்காத ஊசியையும், இரத்தக் குழாயில் உங்கள் பெயரையும் கண்ணாற் பாருங்கள். அதற்கு இடந்தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முகச்சுருக்கம் எவரையும் கொன்றதில்லை.