பாதிப் புழு

ராமேஸ்வரம் போகிற வழியில் பாம்பன் பாலத்தை எட்டிப் பார்த்திருப்பீர்கள். பாலத்துக்குத் தெற்கே குருசடை என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. 1979-ல் காலேஜ் டூரில் போனேன். ஸுவாலஜி மாணவர்களுக்கு அது காசி மாதிரி. காரணம், ஒரு புழு.

பெயர் டைகோடெரா ஃப்ளாவா. 'ஃப்ளாவா' என்றால் மஞ்சள். ஏகார்ன் புழு என்ற குடும்பம். ஏகார்ன் என்பது கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் ஓக் மரத்துக் கொட்டை. புழுவின் முகமும் அப்படித்தான்: முன்னால் கூம்பாக பிராபோசிஸ், அதைச் சுற்றிச் சட்டைக் காலர் போல ஒரு பட்டை, இரண்டுக்கும் நடுவில் வாய். அதன்பின் நீளமான, கொழகொழவென்ற உடம்பு. கண் கிடையாது, கால் கிடையாது. மண்ணைத் தின்று மண்ணையே வெளியே தள்ளுகிறது. உலகம் முழுக்கத் தேடினாலும் இந்தக் குடும்பத்தில் நூற்றுச் சொச்சம் வகைகள்தான். (வண்டுகளில் மட்டும் லட்சக்கணக்கில்!)

இதற்கு ஏன் இத்தனை மரியாதை என்கிறீர்களா? காலருக்குப் பின்னால் வரிசையாகச் செவுள் துளைகள். மீனுக்கு இருப்பது போல. அம்மா வயிற்றில் நீங்களும் நானும் சில வாரக் கருவாக இருந்தபோது கழுத்தில் வந்து போன மடிப்புகளும் அந்த வகையறாதான். நம்மிடம் அவை காதுக் குழலாகவும் டான்ஸிலாகவும் மாறிவிட்டன. பிராபோசிஸுக்குள் நீளும் ஒரு சின்னக் குச்சியைப் பார்த்து, 'முதுகுத்தண்டுக்கு இதுதான் பாட்டன்' என்று 1880-களில் பேட்சன் சொன்னார். அது பிற்பாடு நிற்கவில்லை. செவுள் நின்றது. 2015-ல் இதே டைகோடெராவின் மரபணுக்களைப் படித்தார்கள். செவுள் பகுதியை உருவாக்கும் ஜீன்கள் சில, ரேஷன் கடைக் க்யூ மாதிரி, நம்மிடம் இருக்கும் அதே வரிசையில் அங்கேயும் நிற்கின்றன. தூரத்துச் சொந்தம்தான், ஆனால் சொந்தம்.

குருசடைக்கு வருகிறேன். கடல் வற்றியிருந்தது. மணல் மேல் இடியாப்பம் பிழிந்த மாதிரி சின்னச் சின்னச் சுருள்கள். அதற்குக் கீழேதான் புழு. ஆளுக்கொரு பாட்டில், முழுசாக ஒன்று கொண்டுவந்தால்தான் ரெக்கார்டில் மார்க். நான் அவசரக்காரன். விரலை விட்டு இழுத்தேன். நனைந்த அப்பளம் மாதிரி இரண்டாகப் பிய்ந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதும். கடைசியில் ஒரு முன்பாதியை ஃபார்மலினில் போட்டு, வால் பக்கங்களையெல்லாம் தண்ணீரில் விசிறிவிட்டுப் படகேறினேன். கையில் அயோடோஃபார்ம் நெடி, புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையின் வாசனை. சோப்புப் போட்டும் ரயிலில் மதுரை வரை கூடவே வந்தது.

எங்களுக்கு முன்னால் எத்தனை காலேஜ், பின்னால் எத்தனை! 1986-ல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவானபோது குருசடையும் அதன் 21 தீவுகளில் ஒன்றாகிவிட்டது. இப்போது அனுமதி இல்லாமல் ஒரு கிளிஞ்சலைக்கூட எடுக்க முடியாது. நல்லதுதான். எனக்குக் கொஞ்சம் முன்பே யாராவது தடை போட்டிருக்கலாம்.

சமீபத்தில் ஒன்று படித்தேன். டைகோடெராவை நடுவில் வெட்டினால் பின்பாதிக்குப் புதிதாகத் தலை முளைக்குமாம். பிராபோசிஸ், காலர், வாய், எல்லாம். படித்துவிட்டு, அன்றைக்கு வால் பக்கங்களை மணலில் போட்டேனா, ஆழத்தில் போட்டேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எத்தனை யோசித்தும் ஞாபகம் வரவில்லை.