ரீடிங் வரலைன்னா வரலைன்னு எழுது

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். செகண்ட் இயர் லேப்ல எனக்கு ஒரு ரீடிங்கும் ஒழுங்கா வந்ததில்லை. ஆனா ரெக்கார்டுல எல்லாமே சரியா இருக்கும். எப்படின்னு உங்களுக்குச் சொல்லவே வேணாம். வர வேண்டிய விடை தெரியும்; அங்கிருந்து பின்பக்கமா கணக்குப் போட்டா ரீடிங் கிடைச்சிடும். கிராஃப் ஸ்கேல் வச்ச மாதிரி நேராப் போகும். நீங்களும் செஞ்சிருப்பீங்க, மறைக்காதீங்க.

இந்தப் பழக்கத்தோடுதான் ஒரு பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனேன். எங்க ஊர் மரக்காணம். ஈசிஆர்ல பாண்டிச்சேரி போகும்போது பாத்தி பாத்தியா உப்பளம் தெரியுமே, நீங்க வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுப்பீங்களே, அதே ஊர்தான். எங்க அம்மா அங்கதான் இருபது வருஷத்துக்கு மேலா வேலை செய்றாங்க.

லீவுல ஒரு நாள் எட்டாம் வகுப்பு சயின்ஸ் சார் போன் பண்ணினார். "சும்மாதானேடா இருக்க? நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு வந்துடு. பறவை எண்ணணும்."

ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு என்று ஒன்று இருக்கிறது. 1987-ல் தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரியிலும் பல நாடுகளில் ஒரே சமயத்தில் ஏரி, கழிமுகம், உப்பளம் என்று போய் எண்ணுவார்கள். எண்ணுபவர்களில் பெரும்பாலானோர் விஞ்ஞானிகள் இல்லை. ஆசிரியர்கள், மாணவர்கள், பேங்க் ஊழியர்கள். எங்க ஊரை ஒட்டியிருக்கும் கழுவேலி 2021-ல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024-ல் ராம்சர் தளமும் ஆனது. அதற்கு ரொம்ப முன்னாடியிலிருந்தே சார் சைக்கிளில் போய் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இந்த சாருக்கு ஒரு பழைய ஆசை உண்டு. அமெரிக்காவில் போலார்ட்ரெக் என்று ஒரு திட்டம் இருந்தது. பள்ளி ஆசிரியர்களை விஞ்ஞானிகளோடு துருவப் பகுதிக்கு அனுப்பினார்கள். டன்ட்ராவில் கூடாரம் போட்டுத் தங்கி, மண்ணை அளந்து, பறவைக் கூடு தேடி, திரும்பி வந்து பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தார்கள். அதைப் பற்றி வகுப்பில் சொல்லிட்டு "எனக்கும் போகணும்டா"ன்னார். நாங்க சிரிச்சோம். மரக்காணத்துல இருந்துக்கிட்டு டன்ட்ராவாம்!

அன்று காலை வரப்பில் உட்கார்ந்து டெலஸ்கோப்பைத் திருப்பி, "பாரு"ன்னார். சாம்பல் நிறத்துல, நுனி கொஞ்சம் கீழே வளைந்த மூக்கோடு, சேற்றைக் குத்திக்கிட்டிருந்த கூட்டம். சின்ன வயசுலேர்ந்து பார்த்த பறவைதான். எங்களுக்கு அது வெறும் 'உள்ளான்'.

"இது கர்லூ சாண்ட்பைப்பர். பொறந்த இடம் சைபீரியா, டைமிர் பக்கம். டன்ட்ராவேதான்."

அங்கிருந்து இங்கே நேர்கோட்டில் பார்த்தாலே சுமார் 7,000 கிலோமீட்டர். பறவையின் எடை 60 கிராம் போல. முட்டை பொரிந்ததும் ஆண் பறவை அதற்கு முன்பே கிளம்பியிருக்கும். பிறகு தாயும் கிளம்பிவிடும். குஞ்சுகள் கடைசியாக, வழிகாட்ட யாருமில்லாமல், தாங்களே தெற்கே வருகின்றன.

இன்னொரு விஷயம் சொன்னார். டன்ட்ராவில் லெம்மிங் என்று எலி மாதிரி ஒரு பிராணி இருக்கிறது. மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை அது பெருகும், பிறகு சடாரென்று குறையும். குறைந்த வருஷம் பசியில் இருக்கும் ஆர்க்டிக் நரிகள் இந்தப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். அந்த வருஷம் தெற்கே வரும் கூட்டத்தில் இளம் பறவைகள் குறைவாக இருக்கும். தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வலையில் பிடித்து, இளசு எத்தனை என்று பார்த்து இந்தத் தொடர்பைக் கண்டார்கள். சைபீரியாவில் எலி எத்தனை என்பதற்குக் கடற்கரைச் சேற்றில் பதில் இருக்கிறது!

சரி, என் கதைக்கு வர்றேன். ஒரு பெரிய பாத்தியை என்கிட்ட விட்டார். "போன வருஷம் எத்தனை சார்?"னு கேட்டேன்.

"சொல்ல மாட்டேன். சொன்னா நீ அதையேதான் எண்ணுவ."

பத்து பத்தா எண்ணினேன். 180 வந்தப்ப ஒரு பருந்து தாழப் பறந்தது. மொத்தக் கூட்டமும் எழும்பிடுச்சு. பாதிக்கு மேல மிச்சம் இருந்த மாதிரி தோணுச்சு. நோட்டுல 450-ன்னு எழுதினேன்.

சார் பார்த்தார். "எண்ணினியா, இருக்கும்னு நெனச்சியா?"

நான் பேசலை. அந்த எண்ணை ஒரு கோடு போட்டு அடிச்சார். திட்டலை. "திரும்ப இறங்கும். உக்காரு"ன்னார். அதுவரை உக்கார்ந்தோம். முக்கால் மணி நேரம். வெயில் ஏறிடுச்சு. மறுபடி எண்ணினேன்: 212.

யோசிச்சுப் பாருங்க, 450-க்கும் 212-க்கும் எவ்வளவு தூரம்! 2024-ல் இந்தப் பறவையை ஐயூசிஎன் 'அழிய வாய்ப்புள்ள இனம்' என்று அறிவித்தது. அது குறைகிறது என்று எப்படித் தெரிந்தது? பல நாட்டுக் கரைகளில் யார் யாரோ வருஷா வருஷம் எண்ணி எழுதியதால். எல்லாரும் என்னை மாதிரி எழுதியிருந்தா அந்தப் பறவை காகிதத்துல மட்டும் நல்லா இருந்திருக்கும்.

"குறைஞ்சிருக்கா சார்?"

"ஒரு பாத்தி, ஒரு நாள். இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நம்ம வேலை எண்றது."

பாத்தி மிதிக்க வந்த அம்மா பக்கத்துல வந்து நின்னாங்க. "இதை இன்னாத்துக்குடா எண்றீங்க? மழைக்கு முன்னாடியே வந்துடும் இது. முதல்ல வர்றதுங்க செங்கல் கலர்ல இருக்கும், அப்புறம் வெளுத்துடும்."

சார் எழுந்தே நின்னுட்டார். "அக்கா, எந்த மாசத்துல பார்த்தீங்க?"

டன்ட்ராவில் கூடு கட்டும் பருவத்தில் இந்தப் பறவை செங்கல் சிவப்பாகத்தான் இருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் முதலில் வந்து சேரும் வளர்ந்த பறவைகளிடம் அந்த நிறம் கொஞ்சம் மிச்சமிருக்கும். அம்மா சொன்னதைத் தேதியோடு, 'நேரில் பார்த்தவர் சொன்னது' என்று சார் தனியாக எழுதிக்கொண்டார். இருபது வருஷமா அம்மாகிட்ட இருந்த டேட்டா. நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அடுத்த செமஸ்டர் ஒரு எக்ஸ்பரிமென்ட்ல கோணலா வந்த ரீடிங்கை அப்படியே எழுதினேன். மார்க் குறைஞ்சது, பொய் சொல்லலை. ஆனா ஏன் கோணல்னு தேடினப்ப ஒரு ஒயர் லூசா இருந்தது தெரிஞ்சது. எங்களுக்கு முன்னாடி அந்த டேபிள்ல செஞ்ச அத்தனை பேர் ரெக்கார்டுலயும் கோடு நேராத்தான் இருந்தது.

வர்ற ஜனவரியில் உங்க ஊர் ஏரிக்கரையிலும் யாராவது நோட்டோடு நிற்பாங்க. கூடப் போய் நில்லுங்க. போன வருஷ எண்ணை மட்டும் முன்னாடியே கேக்காதீங்க.